வீசாத பந்துக்குக் கட்டம் இல்லை

காலடிப்பேட்டை
20 அக்டோபர் 2024

குழலிக்கு,

ஆபீஸ் வாசலில் நீ சொன்னபடியே எழுதுகிறேன். "போன்ல பேசுனா நீ நடுவுல பூந்து பூந்து பேசுவ. எய்து. எய்துனாதான் நான் முழுசா படிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாய். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. தபால் ஆபீசில் உறை கேட்டபோது கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மழைக்கோட்டு எடுக்கத்தான் வண்டி சீட்டைத் தூக்கினாய். அதற்கடியில் அந்த வேட்டி இருந்தது. ஆகஸ்டில் என் அப்பா எத்திராஜ் செத்த அன்று, அவர் உடம்பின் மேல் போட உன் அப்பா வாங்கிவந்த கோடித் துணி. போட்டாச்சு என்று நான் சொல்லியிருந்தேன். போடவில்லை. சரி, தப்புதான். அதற்காக ஒரு பெண் வீட்டை விட்டுப் போவாளா?

என் கணக்கையும் கொஞ்சம் எடுத்துப் பார் குழலி. எங்கள் வீட்டில் ஒருத்தர் விடாமல் எதிர்த்தபோதும் உன்னை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனவன் நான். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி தரையில் துண்டு விரித்துப் படுத்தவன் நான். உன் அம்மா மலர்க்கொடி அத்தைக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதுகூட நான்தான். இந்த மூன்று வருஷத்தில் உன் மேல் கை ஓங்கியிருப்பேனா? உன் சம்பளத்தை எங்கே என்று கேட்டிருப்பேனா? அடுத்தவர் குறித்ததைச் சரிபார்ப்பதுதானே உன் வேலை. என்னையும் சரிபார்.

நம் வேலையை அத்தைக்கு விளக்க நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? அமெரிக்காக்காரர்கள் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள், ஒரு பக்கத்துக்கு ஒருத்தன், குவார்ட்டர்பேக் என்று பெயர், பந்தைக் கையில் வாங்கி முன்னால் ஓடுகிறவனுக்கு வீசுவான், எத்தனை வீசினான், எத்தனை பிடிபட்டது, எத்தனை கெஜம் போனது என்று சென்னையில் உட்கார்ந்து நாங்கள் கட்டத்தில் குறிக்கிறோம் என்றேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வியாசர்பாடில வந்து ஃபுட்பாலு சொல்லிக் குடுக்கிறியா? கையில புடிச்சா ஃபவுலு நைனா" என்றார். நீ சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

வீடு வீடாக இல்லை. வந்துவிடு.

குட்டுவன்

•

வியாசர்பாடி
27 அக்டோபர் 2024

குட்டுவனுக்கு,

உன் கடிதம் வந்தது. வேட்டிக்கு நாலு வரி, உன் பெருமைக்கு மீதி எல்லாம்.

நீ விட்டதை நான் எழுதுகிறேன். உன் அப்பா இறந்த சேதி வந்ததும் என் அப்பா கறுப்புச் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போனார். ரயில்வே கேரேஜில் வெல்டராக இருந்த காலத்திலிருந்து தனக்கென்று ஒரு துணியைப் பத்து நிமிஷம் நின்று எடுக்காதவர், அன்று கடை கடையாக ஏறி இறங்கினாராம். பச்சைக் கரைதான் வேண்டும் என்று. ஏன் தெரியுமா? உன் அப்பா யாருக்கும் சொல்லாமல் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வஞ்சிரம் எடுத்துக்கொண்டு வந்தாரே, அன்று அவர் கட்டியிருந்தது பச்சைக் கரை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "நம்மளுக்குள்ள இன்னா சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லை என் அப்பா வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மாலையை யார் வேண்டுமானாலும் போடலாம். கட்சிக்காரன் போடுவான், சண்டைக்காரன்கூடப் போடுவான். கோடி உறவுக்காரன்தான் போட முடியும். அதை வாங்கி உடம்பின் மேல் விரித்தால், இவர்கள் எங்கள் உறவு என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

நான் பின்பக்கம் பெண்களோடு இருந்தேன். வெளியே நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். உங்கள் குப்பத்துத் தெருமுனையில் உன் சித்தப்பா பரசுராமன் கையைக் குறுக்கே நீட்டி, "மாலை குடுங்க, வாங்கிக்கிறோம். துணி வோணாம். மேளத்த அங்கியே நிறுத்தச் சொல்லு" என்றாராம். அப்போது நீ உள்ளேயிருந்து வந்தாய். உன்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு உயிர் வந்ததாம். நீ பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நான் போட்டுடறேன் மாமா, நீங்க இங்கியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அவர்களும் நின்றார்கள்.

சாயங்காலம் அப்பா கேட்டார். போட்டோம் என்றாய். காரியத்தன்று கேட்டார். போட்டோம் என்றாய். அதற்கப்புறம் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், நீயும் சலிக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆபீசில் உன் கண்ணில் படாத ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன், இங்கிருந்து போவதுதான் சுலபம் என்று அவரிடம் ஏதோ உளறி வைத்திருக்கிறேன். வேட்டி என் பைக்குள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "போடல மாமா" என்று சொல். அன்றைக்கே உன் வண்டியில் ஏறி வந்துவிடுகிறேன்.

கார்குழலி

•

காலடிப்பேட்டை
3 நவம்பர் 2024

குழலிக்கு,

நீ அங்கே இல்லை, அதனால் சுலபமாக எழுதிவிட்டாய். பொட்டலத்தோடு நான் உள்ளே போனபோது அம்மா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். சித்தப்பா எனக்கு முன்னாலேயே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டார். என்னை முறைத்துப் பார்த்தார். சுற்றிலும் பங்காளிகள். நான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்திருந்தால் பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு வெட்டுக்குத்து ஆகியிருக்கும். உன் அப்பா அம்மா தெருமுனையில் நின்றிருந்தார்களே, அவர்கள் மேல் ஒரு கை விழுந்திருந்தால்? அவர்களைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று ஏன் உனக்குத் தோன்றவே இல்லை?

போன வாரம் ஒரு ஆட்டம் குறித்தேன். ஒன்பதாம் நம்பர் போட்டவன் நானூறு கெஜத்துக்கு மேல் வீசினான். ஒவ்வொரு பந்தும் ஊசியில் நூல் கோத்ததுபோலப் போய் விழுந்தது. ஆனால் அவன் அணி தோற்றது. அவன் பக்கத்துத் தடுப்பு ஆட்டக்காரர்கள் வெறும் சல்லடை, இவன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர்கள் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அதே நாளில் இன்னொருத்தன் பாதிப் பந்தை எதிரி கையில் கொடுத்தான், ஜெயித்தது அவன் அணி. பேப்பரில் அவன் பெயர் வெற்றிக் கணக்கில் வரும், ஒன்பதாம் நம்பர் தோல்விக் கணக்கில். இது நியாயமா? ஆட்டம் ஒருத்தன் கையில் இல்லை. அதனால்தான் அவனவன் செய்ததைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். என் குடும்பம் தோற்றதை என் தலையில் எழுதாதே. நான் உனக்குச் செய்ததை எண்ணு.

சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. மாமாவுக்கு பி.பி. இருக்கிறது. அம்மா இன்னும் மூலையைவிட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் ஆறட்டும். நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

குட்டுவன்

•

வியாசர்பாடி
14 நவம்பர் 2024

குட்டுவனுக்கு,

ஆட்டத்தை வைத்துப் பேசினால் நான் மடங்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாய். உன் கட்டங்களை இரண்டு வருஷம் திருத்தியவள் நான்.

அந்த ஒன்பதாம் நம்பர் ஆட்டத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். அவன் வீசியதில் முக்கால்வாசி கடைசிக் கால் பகுதியில், ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு. முன்னால் இருக்கிற அணி ஏன் வீசப்போகிறது? பந்தை ஓடுகிறவன் வயிற்றில் திணித்துக் கடிகாரத்தை ஓட்டிவிடும். பின்னால் இருக்கிறவன்தான் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணியும் சின்னச் சின்னப் பந்தாக விட்டுக்கொடுக்கும், என்ன போயிற்று என்று. அதற்கு நம் ஆபீசில் கலீஜ் டைம், குப்பை நேரம், என்று பெயர் வைத்ததே நீதான். கெஜம் ஏறுகிறது என்பதற்காக ஜெயிக்கிறான் என்று அர்த்தமில்லை. தோற்பதால்தான் பல நேரம் கெஜம் ஏறுகிறது.

ஒன்பதாம் நம்பருக்காவது கை இருந்தது, வீசினான். உனக்குச் சரியான ஆள் ஒருத்தன் இருக்கிறான், பதினேழாம் நம்பர். நீ குறித்துக் கொடுத்து நான் திருப்பி அனுப்பினேனே, நாம் முதன்முதலில் சண்டை போட்டது அவனால்தான். வீசியதில் ஏறக்குறைய எல்லாம் பிடிபட்டிருந்தது. தப்பே இல்லாத ஆள் என்று எழுதியிருந்தாய். ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தால், கஷ்டமான நேரம் வந்தாலே அவன் வீச மாட்டான். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பான், நாலு பேர் வந்து அவனைத் தரையில் சாய்க்கும்வரை. அப்படி விழுந்தால் அது வீச்சுக் கணக்கில் வராது. வீசாத பந்துக்குக் கட்டம் கிடையாது. அதனால் அவன் கணக்கு சுத்தமாக இருந்தது, அணி தோற்றுக்கொண்டே இருந்தது. "கணக்கு கரீட்டுதானே மேடம்" என்று நீ என்னிடம் வந்து நின்றாய். "கணக்கு கரீட்டு, ஆட்டம் தப்பு" என்றேன். அன்றைக்கு அதற்குச் சிரித்தாய்.

நீ நல்லவன் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, கேஸ், சம்பளம், எல்லாம் நிஜம். அதெல்லாம் யாரும் உன் குறுக்கே கை நீட்டாத இடம். கை நீட்டிய இடத்தில் நீ பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாய். வெட்டுக்குத்து ஆகியிருக்கும் என்கிறாய். ஆகியிருக்கலாம். அன்றைக்கு நீ போடாததைக்கூட நான் என்றைக்காவது விட்டுவிடுவேன் குட்டுவா. "என்னால முடியல மாமா" என்று சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் என் அப்பா உன் தோளைத் தட்டியிருப்பார். போட்டோம் என்றாயே. மழைக்கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போட்டோம் என்றாயே. அங்கே உன்னை யார் முறைத்தார்கள்?

நல்ல நேரம் என்று ஒன்று வராது. வா.

கார்குழலி

•

காலடிப்பேட்டை
1 டிசம்பர் 2024

குழலி,

படித்தேன். பதினைந்து நாளாகப் படிக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சொல்லிவிடுகிறேன். நீ உள்ளேயே இரு, நீ பக்கத்தில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். துணிமணியை எடுத்து வைத்துக்கொள். திரும்பி வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே அந்த பர்மா நூடுல்ஸ் கடையில் அத்தோ சாப்பிட்டுவிட்டு வரலாம்.

உன் தலையணையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

குட்டுவன்

•

வியாசர்பாடி
9 டிசம்பர் 2024

குட்டுவன்,

என் பை கதவுக்குப் பின்னால் கட்டித் தயாராக இருந்தது. அதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

நீ ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாய், யாரோ நோயாளியைப் பார்க்க வந்ததுபோல. நான் அடுப்படியில் நின்றேன். எங்கள் வீடு ஹவுசிங் போர்டு வீடு, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். நீ மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. வெயிலைப் பற்றிப் பேசினாய். புயல் வரப்போவதைப் பற்றிப் பேசினாய். அப்பா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். பிறகு அவராகவே, நீ வாய் திறக்க வழி செய்து கொடுப்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"இன்னா மாப்ள, அன்னிக்கி நம்ம துணி போட்டீங்கல்ல?"

நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"போட்டோம் மாமா. நல்லா போட்டோம்."

நல்லா என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டாய். அது எதற்கு?

அம்மா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, திரைப் பக்கம் பார்க்காமல் நீ போன பிறகு, நான் பையைப் பிரித்து வேட்டியை எடுத்து அப்பா மடியில் வைத்தேன். அவர் திடுக்கிடவே இல்லை. கரையை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்:

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும். நாங்க மொனையிலதானே நின்னுகினு இருந்தோம். சம்பந்திய எங்க முன்னாடிதான் தூக்கினு போனாங்க. மேல கெடந்த துணியில பச்சக் கரை ஒண்ணுகூட இல்ல."

பின்னே ஏன் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்றேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.

"கேட்டுகினே இருந்தா ஒரு நாளு அவரே சொல்லிருவாருன்னு பாத்தேன். சின்னப் புள்ளதானேம்மா. மனசுல வெச்சிகினு பேஜாரா இருக்கும்ல."

ஆகஸ்டிலிருந்து அந்த மனிதர் உனக்குப் பந்தை எடுத்து எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார் குட்டுவா. தனக்காக இல்லை, உன் பாரம் குறையட்டும் என்று. நீ ஒவ்வொரு தடவையும் அதை மார்போடு அணைத்துக்கொண்டாய்.

பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

கார்குழலி

•

காலடிப்பேட்டை
12 டிசம்பர் 2024

குழலி,

மாமாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். இதைவிடக் கேவலமான வாக்கியம் நான் எழுதியதில்லை. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன், நீ பார்.

குட்டுவன்

•

16 டிசம்பர் 2024

குழலி,

மழை நிற்கவில்லை. கூடத்தில் ஒழுகுகிறது, உன் பெரிய டபராவை வைத்திருக்கிறேன். நேற்று ஆபீசில் யாரோ ஒருத்தனின் கெஜம் ஏறுவதைப் பார்த்து நவ்ரீன் "இவன் செமயா ஆடுறான்ல" என்றாள். ஸ்கோரைப் பார் என்றேன். நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய். ஒரு வரி எழுது.

குட்டுவன்

•

18 டிசம்பர் 2024

குழலி,

இந்த வாரத்தில் இது எத்தனையாவது என்று எண்ணினேன். முதலில் உன் ஒரு கடிதத்துக்கு என் ஒரு கடிதம். இப்போது நான் மட்டும் வீசிக்கொண்டிருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று நீ சொல்லிக்கொடுத்ததுதான். நிறுத்துகிறேன். சொல்ல ஏதாவது இருந்தால்தான் இனி எழுதுவேன்.

குட்டுவன்

•

காலடிப்பேட்டை
10 பிப்ரவரி 2025

குழலிக்கு,

இன்று காலை இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் முடிந்தது. குறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் குப்பத்துக்குப் போனேன். படகுகள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். இதைவிடக் கூட்டமான இடம் எனக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா மேல போட வேண்டிய கோடிய நான் வண்டியில ஒளிச்சி வெச்சிட்டேன். கொண்ணாந்தவரு என் மாமனாரு. அவுரு நமக்கு ஒறவு. தெருமொனையில நிக்க வெச்சது தப்பு" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

அடி விழும் என்று நினைத்தேன். சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி நண்டைப் பிய்க்கப் போய்விட்டார். ஏலக்காரன் விலை கூவினான். அம்மா மட்டும், "இப்ப இன்னாத்துக்கு? செத்தவன் வந்து கட்டிக்கப் போறானா?" என்றாள். அவ்வளவுதான். ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. இதற்காகவா பயந்தேன் குழலி? இந்த ஒன்றுமில்லாததற்காகவா உன்னை விட்டேன்? கடலோரம் கல் மேல் உட்கார்ந்து அழுதேன். நாய் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

இப்போது சொல்வது சுலபம், எதிரணி விட்டுக்கொடுக்கும் நேரம் என்பாய். அப்படியே குறித்துக்கொள். இந்த ஒரு வரியை மட்டும் மாமாவுக்குப் படித்துக் காட்டு. நேரில் வர முகம் இல்லை.

போடவில்லை மாமா. என்னால் முடியவில்லை.

குட்டுவன்

•

வியாசர்பாடி
20 பிப்ரவரி 2025

குட்டுவா,

படித்துக் காட்டினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பச்சைக் கரை வேட்டியைத்தான் கட்டியிருந்தார். செத்தவருக்கு வாங்கிய துணியை உயிரோடு இருக்கிறவர்கள் கட்டுவார்களா என்று அம்மா கத்தினாள். "எத்திராஜுக்குன்னு ஆசையா எடுத்தது, நான் கட்டுனா இன்னா" என்று துவைத்துக் கட்டிக்கொண்டார். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டாருல்ல. நீ கெளம்பும்மா" என்றார்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். தெருமுனையில் நின்றபோதே மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ ஏலத்தில் நின்று சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். நீ எழுதிய விதத்திலேயே தெரிந்தது. கலீஜ் டைம் என்று அதைக் குறிக்க எனக்குக் கை வரவில்லை. அதைப் படித்துவிட்டு நான் அழுததும் உண்மை. உன்னை எனக்கு இன்னும் பிடிக்கும். அதை மறைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்கவேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் நான் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். நான் எங்கேயோ ஒரு தெருமுனையில் நிற்பேன். நீ என் கையிலிருப்பதை வாங்கிக்கொண்டு உள்ளே போவாய். வெளியே வந்து ஆச்சு என்பாய். நான் உடனே உன் வண்டி சீட்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது, நிஜமாகவே நீ செய்திருப்பாய், இருந்தாலும் பார்ப்பேன். அப்படி ஒருத்தியாக உன்னோடு வாழ எனக்குப் பிடிக்கவில்லை.

தலையணையை நவ்ரீனிடம் கொடுத்துவிடு. டபராவை நீயே வைத்துக்கொள், அடுத்த மழைக்கும் ஒழுகும்.

இனி எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன்.

கார்குழலி